அழகர் நிற்கும் இடம்

(இளங்கலை மூன்றாம் ஆண்டு, ஆங்கில இலக்கியம்)

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அவர்கள் காலத்தில் கணிப்பொறி இல்லை. இருந்திருந்தால் அந்தப் பழமொழியை இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. திரையில் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்க, விசையைத் தட்டினாலும் அசையாமல், சுட்டியை நகர்த்தினாலும் அசையாமல், ஊமையாக நின்றுவிடுகிற ஒரு பெட்டியின் முன் நள்ளிரவில் உட்கார்ந்திருந்தால் எத்தனை பொறுமைசாலிக்கும் புத்தி மட்டுப்பட்டுத்தான் போகும். நம் ஊர்ப் பேச்சில் இதனை "ஹேங் ஆகிவிட்டது" என்கிறோம். என் அப்பத்தாவோ, "பெட்டிக்குச் சாமி வந்து நின்னுருச்சு" என்பார்.

சென்ற ஆண்டு மாசி மாதம் தொடங்கிச் சித்திரை வரையில் என் மடிக்கணினிக்கு எத்தனை முறை சாமி வந்தது என்பதற்குக் கணக்கில்லை. அந்த அனுபவத்தையே இந்த ஆண்டு மலருக்கு எழுதலாம் என்று ஆங்கிலத் துறைப் பேராசிரியர் அவர்கள் சொன்னபோது முதலில் தயங்கினேன். கணிப்பொறி ஹேங் ஆவதில் எழுத என்ன இருக்கிறது? ஆனால் எண்ணிப் பார்க்கையில், கல்லூரியில் கற்ற பாடங்களுக்கு நிகரான ஒரு பாடத்தை அந்த இரண்டு மாதங்களில் நான் கற்றேன் என்பது புரிந்தது. அதனைத் தோழர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

*

என் ஊர் அழகர்கோவில். மலையடிவாரத்தில் எங்கள் வீடு. தாத்தாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆனால் சித்திரைத் திருவிழாவில் அவருக்கு நாற்பதாண்டுப் படிப்பு உண்டு. அழகர் கள்ளர் வேடம் பூண்டு தங்கப் பல்லக்கில் மதுரைக்குப் புறப்படும்போது, ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு உடன் சென்று, வழியெல்லாம் பீய்ச்சி அடிக்கும் நேர்த்திக்கடன்காரர்களில் அவரும் ஒருவர். சுமார் 21 கிலோமீட்டர் தூரம், போகவும் வரவும் நடை. பங்குனி வெயிலில் விரதம் தொடங்கினால், அழகர் மலைக்குத் திரும்பிய பிறகுதான் அவருக்கு ஓய்வு.

அந்த நடையைப் பற்றித் தாத்தா ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். யார் எந்த மண்டபத்தில் மோர் கொடுத்தார்கள், எந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வந்தது, எந்த வருடம் மணல்தான் இருந்தது, தோல்பையைத் தைப்பது எப்படி, பதப்படுத்துவது எப்படி என்று எல்லாம் அதில் இருந்தன. 1998-ஆம் ஆண்டில் மேலூரில் ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்து அதனை அச்செழுத்தில் எடுத்தார். 96 பக்கம். இருபது பிரதிகள் எடுத்து உறவினர்களுக்குக் கொடுத்தார். பிற்பாடு ஒரு மழைக்காலத்தில் நோட்டு நனைந்து கூழாகிவிட்டது. எங்கள் வீட்டுப் பிரதியைக் கரையான் தின்றது. எஞ்சியது, ஃபிளாப்பியிலிருந்து குறுந்தட்டுக்கும் குறுந்தட்டிலிருந்து பென் டிரைவுக்கும் மாறி மாறி வந்த ஒரே ஒரு கோப்பு.

என் அத்தை வாழ்க்கைப்பட்டது மலேசியாவில். அத்தையின் மகளுக்கும் மகனுக்கும் தமிழ் பேசினால் புரியும். படிக்கத் தெரியாது. சித்திரைக்கு அவர்கள் ஊருக்கு வருகிறார்கள் என்று கடிதம் போலத் தொலைபேசிச் செய்தி வந்ததும், தாத்தா என்னைக் கூப்பிட்டார். அவருக்குக் கண்ணில் நீரழுத்த நோய். எதிரில் இருப்பவர் முகம்கூட நிழலாகத்தான் தெரியும்.

"ஏந்தாயி, நீ இங்கிலீசுதான படிக்கிற? நான் எழுதுனத அந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்கிறாப்புல மாத்திக் குடுப்பியா? எனக்குத்தான் கண்ணு போச்சு. எழுதுனதும் போயிறக் கூடாதுல்ல."

"சரி தாத்தா" என்று சொல்லிவிட்டேன். சொல்லுவதற்கு ஒரு நொடிதான் ஆயிற்று.

*

மொழிபெயர்ப்பு மென்பொருள்களில் இரண்டு வகை உண்டு என்பதைப் பலரும் அறிவதில்லை. ஒரு வகை, நாம் கொடுக்கும் வாக்கியத்தைத் தானே மொழிபெயர்த்துத் தருவது. 1954-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் நியூயார்க் நகரில், ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தாரும் ஐ.பி.எம். நிறுவனத்தாரும் சேர்ந்து, 250 சொற்களையும் ஆறு விதிகளையும் கொண்டு, அறுபதுக்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களை இயந்திரத்தால் ஆங்கிலமாக்கிக் காட்டினார்கள். இன்னும் சில ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இராது என்று அன்று பலர் நம்பினர். 1966-இல் அமெரிக்க அரசின் குழு ஒன்று அந்த நம்பிக்கைக்குத் தடை போட்டது. பிறகு மெல்ல மெல்ல முயற்சிகள் வளர்ந்தன. நம் நாட்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1991-இல் ஆங்கிலபாரதி என்னும் திட்டம் தொடங்கிற்று. கூகுள் மொழிபெயர்ப்பில் 2011-இல் தமிழ் சேர்ந்தது. 2022-இல் இந்திய அரசின் பாஷிணி வந்தது. இன்று கைப்பேசி வைத்திருப்பவர் எவரும் இதனைப் பயன்படுத்துகிறார்.

இரண்டாம் வகை, மனிதன் மொழிபெயர்க்க அருகிருந்து துணை செய்வது. மார்ட்டின் கே என்னும் அறிஞர் 1980-இல் எழுதிய ஒரு கட்டுரையில், எல்லாவற்றையும் இயந்திரத்திடம் ஒப்படைக்காமல், மொழிபெயர்ப்பாளனே தலைவனாக இருக்க, இயந்திரம் சிறுசிறு ஏவல்களைச் செய்யட்டும் என்று வலியுறுத்தினார். அந்த வழியில் வந்த மென்பொருள்கள் நம் மூல நூலை வாக்கியம் வாக்கியமாக நறுக்கி ஒவ்வொன்றாகக் காட்டும். நாம் எழுதியதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதைப் போன்ற வாக்கியம் மீண்டும் வந்தால், "முன்பு இப்படி எழுதினாயே" என்று எடுத்துக் கொடுக்கும். நாமே ஒரு சொற்பட்டியல் கொடுத்துவிட்டால், அந்தச் சொல் வரும் இடத்தில் எல்லாம் ஞாபகப்படுத்தும். விரும்பினால் முதல் வகை இயந்திரத்தையும் இணையம் வழியாகக் கேட்டுப் பக்கத்தில் காட்டும்.

இலவசமாகக் கிடைக்கும் அத்தகைய மென்பொருள் ஒன்றைப் பேராசிரியர் அவர்கள் எனக்கு அறிமுகம் செய்தார். அக்கா படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினிதான் என் கருவி. நினைவகம் 4 ஜி.பி. பழைய எழுத்துருவில் இருந்த தாத்தாவின் கோப்பை இலவச மாற்றி ஒன்றின் உதவியால் யுனிகோடாக்கி உள்ளே செலுத்தினேன். திரையில் தமிழ் அழகாகத் தெரிந்தது. முதல் முப்பது பக்கம் தடையின்றி ஓடியது. "இவ்வளவுதானா!" என்று எண்ணினேன். செருக்கு எப்போதும் சறுக்கலுக்கு முந்தி வருவது அன்றோ?

*

முப்பத்தோராம் பக்கத்தில் முதன்முறை நின்றது. ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பத்து நிமிடம் காத்திருந்தேன். பின்பு டாஸ்க் மேனேஜரைத் திறந்து மென்பொருளை வலிந்து மூடினேன். மீண்டும் திறந்தபோது, கடைசியாகத் தானே சேமித்ததற்குப் பிறகு எழுதிய ஆறு வாக்கியங்களைக் காணோம். எழுதினேன். மீண்டும் நின்றது. மீண்டும் மூடினேன். இப்படி ஒரு வாரம்.

அந்த ஒரு வாரத்தில் நான் செய்த மூடத்தனங்களை மறைக்க விரும்பவில்லை. மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். ஹேங் நின்றபாடில்லை. கணினியின் காற்றாடியைத் துணியால் துடைத்தேன். தோழி ஒருத்தி, "நினைவகம் போதவில்லை, அதற்குக் கூட்டிக் கொடு" என்றாள். அமைப்புக் கோப்பைத் திறந்து, மென்பொருளுக்கு ஒதுக்கிய நினைவகத்தை 1 ஜி.பி.யிலிருந்து 3 ஜி.பி.யாக உயர்த்தினேன். மொத்தமே நான்கு உள்ள வீட்டில் ஒரு பிள்ளைக்கு மூன்றைக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள் என்ன செய்யும்? மென்பொருள் நின்றதோடு கணினி முழுவதும் நின்றது. அன்றிரவு ஆத்திரத்தில் மின்விசையையே அணைத்தேன். மறுநாள் திறந்தபோது நினைவுக் கோப்பு சிதைந்திருந்தது. மூன்று வார உழைப்பு, முப்பது பக்கம், திரையில் சதுரம் சதுரமாக நின்றது.

அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. தாத்தா திண்ணையிலிருந்து கேட்டார்.

"என்ன தாயி, பெட்டி திரும்பப் படுத்துருச்சா?"

"ஆமா தாத்தா. எழுதுனதெல்லாம் போச்சு."

அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தோல்பை ஒழுகுச்சுன்னா பையைத் தூக்கி எறிவாகளா? தண்ணிய ஊத்தி, தூக்கிப் பிடிச்சு, எந்தத் தையல்ல சொட்டுதுன்னு பாக்கணும்" என்றார்.

மறுநாள் பேராசிரியர் அவர்களிடம் சென்றேன். மென்பொருள் தன் கோப்புறையில் பழைய நினைவுக் கோப்பின் நகல்களைத் தானாகவே எடுத்து வைத்திருக்கும் என்று அவர் காட்டினார். இரண்டு நாளைக்கு முந்தைய நகல் கிடைத்தது. போன உயிர் திரும்பியது. அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எப்போது நிற்கிறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. நின்றதை மட்டுமே பார்த்திருந்தேன். எப்போது, எங்கே என்று பார்க்கவில்லை.

*

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்று உறுதி செய்துகொண்டேன்.

முதலில் நினைவக ஒதுக்கீட்டைப் பழையபடி குறைத்தேன். பிறகு இணையத்தைத் துண்டித்தேன். எங்கள் அடிவாரத்தில் கைப்பேசிச் சமிக்ஞை வருவதும் போவதுமாக இருக்கும். இணைய இயந்திரத்திடம் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்துக் கிடப்பதால் நிற்கிறதோ என்று ஐயம். இணைப்பைத் துண்டித்ததும் சிறுசிறு தடுமாற்றங்கள் மறைந்தன. ஆனால் முப்பத்தோராம் பக்கத்துக்கு வந்தால் நிற்பது மாறவில்லை. ஆக, அதுவும் ஒரு காரணம். முதற்காரணம் அன்று.

அடுத்து, கோப்பைப் பாதியாக்கினேன். 96 பக்கங்களில் முதல் 48-ஐ மட்டும் புதிய திட்டமாகக் கொடுத்தேன். நின்றது. அதில் பிற்பாதி 24 பக்கங்களைக் கொடுத்தேன். நின்றது. அதில் முற்பாதி 12 பக்கம். பிறகு 6 பக்கம். பிறகு 3 பக்கம். ஐந்தே முறையில் குற்றவாளி இருக்கும் வீடு தெரிந்துவிட்டது. பக்கம் பக்கமாகத் தேடியிருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும். பாதி பாதியாக வெட்டித் தேடியதால் ஒரு மாலைப்பொழுது போதுமானதாயிற்று.

அந்த மூன்று பக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். அழகர் கோட்டை வாசலில் புறப்பட்டதிலிருந்து தல்லாகுளம் சேரும் வரையிலான நடை அது. "புறப்பட்டு", "வந்து", "நின்னு", "தண்ணி அடிச்சு", "மறுபடி நடந்து" என்று போய்க்கொண்டே இருந்தது. மூன்று பக்கத்திலும் ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை!

இப்போது காரணம் விளங்கிற்று. முற்றுப்புள்ளியும் அதன்பின் ஓர் இடைவெளியும் கண்டால்தான் மென்பொருள் வாக்கியத்தை நறுக்கும். புள்ளியே இல்லாததால் மூன்று பக்கத்தையும் ஒரே வாக்கியமாக விழுங்கியிருக்கிறது. அதோடு, அதைப் போன்ற வாக்கியம் முன்பு வந்ததா என்று தேடும்போது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. அறுபது எழுத்துள்ள ஒரு வாக்கியத்தை அதே அளவுள்ள இன்னொன்றோடு ஒப்பிட அறுபதை அறுபதால் பெருக்கிய அளவு வேலை. அதாவது 3,600 படிகள். ஆறாயிரம் எழுத்துள்ளதை அதே அளவுள்ளதோடு ஒப்பிட 3,60,00,000 படிகள். நீளம் நூறு மடங்கு, வேலையோ பத்தாயிரம் மடங்கு. தாத்தாவின் கோப்பில் இப்படிப்பட்ட நெடும் பகுதிகள் இன்னும் பல இருந்தன. ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட முயன்று, ஏழைக் கணினி மூச்சடைத்துப் போயிருக்கிறது. பாவம், அதை நான் ஒரு வாரமாகத் திட்டியிருக்கிறேன்.

*

நோய் தெரிந்தது. மருந்து, புள்ளி வைப்பது. ஆனால் எங்கே வைப்பது?

என் விருப்பம்போல் வெட்டலாம். "புறப்பட்டு" என்பதைப் "புறப்பட்டார்" என்று மாற்றினால் வேலை முடிந்தது. இரண்டு பத்தி அப்படியே செய்தேன். படித்துப் பார்த்தால் அது தாத்தாவின் எழுத்தாக இல்லை, செய்தித்தாளில் வரும் திருவிழாச் செய்தி போல இருந்தது. நடை போய்விட்டது. எழுத்து நடையும் போயிற்று, கால் நடையும் போயிற்று.

தாத்தாவிடமே போய் உட்கார்ந்தேன்.

"தாத்தா, நீங்க மூணு பக்கத்துக்கு ஒரு புள்ளி கூட வைக்கலையே?"

"நடக்கும்போது எங்கிட்டுத் தாயி புள்ளி வைக்கிறது?"

"வைக்காட்டி இந்தப் பெட்டிக்குப் புரியல. மூச்சு முட்டி நின்னுருது."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "அப்படின்னா, அழகர் எங்க நிக்கிறாரோ அங்க புள்ளி வை."

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தில் என் சிக்கல் முழுவதும் அவிழ்ந்தது. அழகர் மலையிலிருந்து மதுரை செல்லும் வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் பல்லக்கு நிற்கும். தீபாராதனை ஆகும். பின் நகரும். தாத்தாவின் எழுத்தும் அப்படித்தான் சென்றிருக்கிறது. நான் அச்செடுத்த தாள்களை உரக்கப் படிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு, "இங்க நின்னாரு" என்பார். நான் புள்ளி வைப்பேன். பொய்கைக்கரைப்பட்டியில் ஒரு புள்ளி. கள்ளந்திரியில் ஒரு புள்ளி. அப்பன்திருப்பதியில் ஒன்று. சுந்தரராஜன்பட்டி, கடச்சனேந்தல், மதுரை மக்கள் எதிர்சேவை செய்யும் மூன்றுமாவடி என்று போய், தல்லாகுளத்தில் பெரிய புள்ளி. ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொண்டுவந்து அழகருக்குச் சாத்தும் இடம் அல்லவா அது! அங்கே ஒரு பத்தியே முடிந்தது.

சில இடங்களில் நான் படிக்கும்போது தாத்தா நிறுத்தி, எழுத்தில் இல்லாததைச் சொல்வார். 2020-இல் கொரோனாவால் அழகர் ஆற்றுக்கே வராமல் போன சித்திரையில், தோல்பையை எடுத்து எண்ணெய் தடவி, திண்ணையில் மடியில் வைத்துக்கொண்டு இருந்ததை அன்றுதான் சொன்னார். நான் அப்போது பள்ளிச் சிறுமி. அதே வீட்டில் இருந்தேன். பார்த்ததாகக்கூட நினைவில்லை. ஹேங் ஆகாத மென்பொருள் ஒன்று எனக்குக் கிடைத்திருந்தால், தாத்தாவின் பக்கத்தில் இத்தனை நாள் உட்கார்ந்திருப்பேனா என்பது ஐயமே.

*

புள்ளிகள் வைத்த கோப்பைச் செலுத்தினேன். மென்பொருள் நிற்கவே இல்லை. ஆனால் இன்னொரு வியப்பு காத்திருந்தது. "அழகர்" என்னும் சொல்லை என் சொற்பட்டியலில் முதலாவதாகச் சேர்த்திருந்தேன். அழகரைப் பற்றிய நூலில் அச்சொல்லை மென்பொருள் ஓர் இடத்தில்கூட அடையாளம் காணவில்லை! தேடு பெட்டியில் நான் தட்டிய "அழகர்" கிடைக்கவே இல்லை. கண்ணுக்கு முன்னே பக்கத்துக்குப் பத்து அழகர் நிற்கிறார். இயந்திரமோ, "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்கிறது.

இந்தப் புதிரை விடுவித்தவர் மேலூர் டி.டி.பி. கடை அண்ணன். யுனிகோடு பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. பாமினி வகை எழுத்துருவில் "தமிழ்" என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றே இருக்கும். "இ" என்பது உள்ளே காற்புள்ளி. 1991-இல் யுனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தபோதிலும், 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு கூடித் தரப்பாடு பற்றி ஆராய்ந்தபோதிலும், கடைகளில் பழைய எழுத்துருக்களே நெடுங்காலம் ஆண்டன. 2010-இல்தான் தமிழக அரசு யுனிகோடை ஏற்று ஆணையிட்டது.

"அதில் ஒரு சூட்சுமம் இருக்கு தங்கச்சி" என்றார் அண்ணன். அச்சில் "ர்" என்னும் எழுத்துக்குக் கீழ்க்கால் இராது. துணைக்கால் வடிவமும் அதுவும் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே பாமினியில் தட்டுவோர் துணைக்காலைத் தட்டி மேலே புள்ளி வைத்து "ர்" ஆக்கிவிடுவார்கள். அச்சிட்டால் வேறுபாடே தெரியாது. ஆனால் மாற்றி சரியாக அமையாவிட்டால் யுனிகோடிலும் அது துணைக்காலும் புள்ளியுமாகவே வந்துவிடும். கண்ணுக்கு "அழகர்". கணினிக்கோ அ, ழ, கா என்று வந்து, தலையில் பொருந்தாத புள்ளி ஒன்றைச் சுமந்த யாரோ ஓர் அந்நியர்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அழகர் கள்ளர் வேடத்தில் வருவார் என்பது ஊரறிந்த செய்தி. என் கோப்புக்குள்ளும் அவர் வேடம் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்! "எல்லாவற்றையும் மாற்று" என்னும் ஒரே கட்டளையில், துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து வந்த இடங்களை எல்லாம் "ர்" ஆக்கினேன். தமிழில் துணைக்காலின் மேல் புள்ளி வருவதே இல்லையாதலால் இதில் பிழைக்கு இடமில்லை. அதன்பின் சொற்பட்டியல் வரிக்கு வரி விழித்துக்கொண்டது.

இணைய இயந்திரத்தின் உதவியையும் ஓரளவு பெற்றேன். வெயில், நடை, மோர், கூட்டம் இவற்றை எல்லாம் அது நன்றாகவே ஆங்கிலமாக்கியது. ஆனால் பதினெட்டாம்படிக் கருப்பசாமியைப் பதினெட்டாவது படியில் உள்ள கறுப்பு நிறம் என்றது. மூடிய கதவுகளுக்கே சந்தனம் பூசிக் கருப்பசாமியாக வணங்கும் வழக்கம் அதற்கு எங்ஙனம் தெரியும்? அழகர் ஆற்றில் இறங்குவதை, அழகான மனிதர் ஒருவர் ஆற்றோரம் வண்டியை விட்டு இறங்குவதாகச் சொன்னது. இவற்றை நான் எழுத வேண்டியதாயிற்று. மார்ட்டின் கே சொன்ன முறைதான் சரி என்று அப்போது தோன்றியது. ஏவலுக்கு இயந்திரம், பொறுப்புக்கு மனிதர்.

*

சித்திரை பிறந்தது. அத்தை குடும்பத்தோடு வந்தார். ஸ்பைரல் கட்டிய பிரதி ஒன்றை அத்தை மகளிடம் கொடுத்தேன். அன்று மாலை திண்ணையில் அவள் ஆங்கிலத்தில் உரக்க வாசிக்க, எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். தாத்தாவுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கே சங்கடமாக இருந்தது.

அவள் வாசித்துக்கொண்டே வந்தாள். புரியாத ஆங்கிலத்துக்கு நடுவே "பொய்கைக்கரைப்பட்டி" என்று வந்ததும் தாத்தாவின் தலை நிமிர்ந்தது. பிறகு "கள்ளந்திரி". தாத்தா மெல்லத் தலையசைத்தார். "அப்பன்திருப்பதி" என்றபோது அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். ஏனெனில் அங்கே புள்ளி இருந்தது.

"நின்னுட்டாரா?" என்றார் தாத்தா.

"நின்னுட்டார் தாத்தா" என்றேன்.

"ம். இனி மேல படிக்கச் சொல்லு."

ஊர்ப் பெயர்களை மட்டுமே பிடித்துக்கொண்டு, அந்தப் பேத்தியின் குரலோடு தல்லாகுளம் வரையில் அவர் நடந்து சென்றார் என்றே நான் நினைக்கிறேன். வாசித்து முடித்ததும் அத்தை மகள் கேட்ட முதல் கேள்வி, "அந்தத் தோல்பை இன்னும் இருக்கிறதா?" என்பது. பரணிலிருந்து எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார் அப்பத்தா.

தோழர்களே, நீங்களும் நாளை ஏதேனும் ஒரு மென்பொருளோடு மல்லுக்கட்ட நேரலாம். என் பட்டறிவில் கண்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். தொடங்குமுன் நகல் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். நின்றதும் மின்விசையை அணைக்காதீர்கள். எப்போது நிற்கிறது என்று எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழுதைப் பாதி பாதியாக வெட்டித் தேடுங்கள். பழைய எழுத்துருவிலிருந்து வந்த கோப்பானால், கண்ணை நம்பாமல் தேடு பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டிப் பாருங்கள். இவற்றை எல்லாம் செய்த பிறகும் வழி தெரியாவிட்டால், எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

நம் வீடுகளின் பரண்களிலும் பழைய பென் டிரைவுகளிலும் புள்ளி வைக்கப்படாத பக்கங்கள் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றை மொழிபெயர்க்க இயந்திரங்கள் வந்துவிட்டன. இன்னும் நல்ல இயந்திரங்களும் வரும். எங்கே நிறுத்தி வாசிப்பது என்பதை மட்டும் தாத்தாக்களிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.